பெட்டிகளோடு திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. கல்ஃபிலிருந்து வரும் எங்களுக்குத் திருவனந்தபுரம்தான். அங்கிருந்து நாகர்கோவில் சுமார் 70 கிலோமீட்டர். ரெண்டு பெரிய பெட்டி, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, கூடவே அம்மா. களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நெரிசலில் ஊர்ந்து வரும் பஸ்ஸில் இவ்வளவையும் வைக்க இடம் கிடைக்காது. முழு தூரத்துக்கும் டாக்சி என்றால், மாநில எல்லை தாண்டுவதால் பெர்மிட் செலவும் சேரும்.

இப்போது நான் செய்வது இதுதான்: விமான நிலையத்தில் ப்ரீபெய்டு டாக்சி எடுத்து தம்பானூரில் இருக்கிற சென்ட்ரல் ரயில் நிலையம் வரை மட்டும் போகிறேன். தூரம் குறைவு. அப்புறம் ரயில். 1979-இல் திறந்த இந்தப் பாதை எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி! பெட்டிகளை சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு அம்மா நிம்மதியாக உட்காருவார். ரயில் நாகர்கோவில் ஜங்ஷனில் நிற்குமா, நாகர்கோவில் டவுன் ஸ்டேஷனிலா என்று முன்கூட்டியே பாருங்கள். ஜங்ஷன் கோட்டாறு பக்கம். பஸ் ஸ்டாண்ட் இருக்கிற வடசேரிக்கு அங்கிருந்து ஆட்டோ பிடிக்கணும்.

நள்ளிரவு விமானம் என்றால் மட்டும் ஊரிலிருந்தே தெரிந்த வண்டியை வரச் சொல்லிவிடுவேன். அந்த நேரத்தில் அம்மாவை பிளாட்பாரத்தில் காக்க வைக்க மனசு வராது.