பிரெஞ்ச் கிரீக் காட்டில் டிஸ்க் கால்ஃப்: முதன்முறை ஆடச் செல்பவருக்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவிலிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் பிரெஞ்ச் கிரீக் மாநிலப் பூங்கா இருக்கிறது. 7,700 ஏக்கருக்கு மேற்பட்ட காடும், ஹோப்வெல், ஸ்காட்ஸ் ரன் என்னும் இரண்டு ஏரிகளும் அதில் அடங்கும். மரங்களுக்கிடையே 18 கூடைகள் கொண்ட டிஸ்க் கால்ஃப் ஆடுகளமும் உண்டு. அம்மாநிலப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. திறந்த புல்வெளியில் சில மாதங்கள் தட்டு எறிந்து பழகிவிட்டு, இத்தகைய அடர்ந்த காட்டு ஆடுகளத்துக்கு முதன்முறையாகச் செல்லும் ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஆட்டத்தின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கால்ஃபின் பந்துக்குப் பதிலாக, விரித்த கையின் அளவுக்கு அகலமான நெகிழித் தட்டு. குழிக்குப் பதிலாக, சங்கிலிகள் தொங்கும் ஒரு கம்பமும் அதன் இடையில் பொருத்திய கூடையும். டீ என்னும் தொடக்க மேடையிலிருந்து எறிந்து, தட்டு விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிந்து, குறைந்த எறிகளில் கூடையை அடைபவரே வெல்கிறார். இவ்விளையாட்டின் முதல் நிரந்தர ஆடுகளத்தை 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைத்த எட் ஹெட்ரிக்கே பின்னர் சங்கிலிக் கூடையையும் வடிவமைத்தார்.

பிரெஞ்ச் கிரீக்கின் மரங்கள் ஏன் இவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் ஆட்டம் கொஞ்சம் புரியும். பூங்காவை ஒட்டியுள்ள ஹோப்வெல் இரும்பு உலை 1771 முதல் 1883 வரை இயங்கியது. அதற்கு வேண்டிய மரக்கரிக்காகச் சுற்றியுள்ள காடுகள் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டன. இன்று நாம் காண்பது அதற்குப் பிறகு துளிர்த்து எழுந்த காடு. வெட்டிய ஓக் மரத்தின் அடிக்கட்டையிலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் சேர்ந்து வளர்வது வழக்கமாதலால், ஒரே வேரில் கவைபோல் பிரிந்து நிற்கும் மரங்களை இக்காட்டில் அடிக்கடி காணலாம். தொலைவிலிருந்து பார்க்கையில் அந்தக் கவை ஒரு வாசல்போலத் தோன்றும். அந்த வாசலை நம்பாதீர்கள். மரக்கரி மூட்டம் போடுவதற்காகச் சமன்படுத்திய வட்டமான மேடைகளும் காட்டில் ஆங்காங்கே எஞ்சியிருக்கின்றன. சரிவில் நடந்துகொண்டிருக்கும்போது காரணமில்லாமல் பத்து மீட்டர் அகலத்துக்குத் தரை சமமாக இருந்தால், காலால் மண்ணைக் கிளறிப் பாருங்கள், கரி தென்படக்கூடும்.

இனி, எந்தத் தட்டுகளை எடுத்துச் செல்வது என்பது. தட்டுகளில் வேகம் மிகுந்தது டிரைவர், இடைப்பட்டது மிட்ரேஞ்ச், மெதுவாகவும் நேராகவும் பறப்பது பட்டர். வெண்ணெயையோ கோயில் பட்டரையோ நினைக்க வேண்டாம். கால்ஃபிலிருந்து வந்த பெயர் அது. பல நிறுவனங்கள் தட்டின்மேல் அச்சிடும் நான்கு எண்கள் முறையே அதன் வேகம், மிதப்பு, தொடக்கத் திருப்பம், இறுதிச் சாய்வு ஆகியவற்றைக் குறிக்கும். காட்டுக்குச் செல்லும்போது, வேக எண் 9க்கு மேற்பட்ட தட்டுகளை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. அவை விதிக்கப்பட்ட வேகத்தை எட்டும்போதுதான் ஒழுங்காகப் பறக்கும். அந்த வேகத்தில் எறிவதற்கோ, பறந்த பிறகு பக்கவாட்டில் சாய்வதற்கோ இங்கே இடமில்லை. இரண்டு பட்டர், இரண்டு மிட்ரேஞ்ச், வேகம் 7 அளவிலான ஒரு டிரைவர் போதும். நிறத்தையும் யோசித்து எடுங்கள்: கோடையில் பச்சைத் தட்டு கண்ணுக்கு அகப்படாது, அக்டோபரில் மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் உதிர்ந்த இலைகளோடு கலந்துவிடும். இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் எல்லாப் பருவத்துக்கும் ஏற்றவை. தட்டின் அடிப்பக்கத்தில் அழியா மையால் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிவையுங்கள். கண்டெடுப்பவர் அழைத்துத் திருப்பித் தருவது இவ்விளையாட்டில் நெடுநாளைய வழக்கம்.

காட்டில் ஒரு கூடையின் கணக்கு பெரும்பாலும் முதல் இருபது மீட்டரிலேயே தீர்மானமாகிவிடுகிறது. டீ மேடையில் ஏறியதும் கூடை எங்கே என்று தேடுவது எல்லோருக்கும் இயல்பு. அதைச் சற்றுத் தள்ளிவைத்து, உங்களுக்கு மிக அருகிலுள்ள இடைவெளி எது, அதை எந்தக் கோணத்தில் கடந்தால் அடுத்த இடைவெளிக்குத் தட்டு தானாகச் செல்லும் என்று பாருங்கள். இடைவெளியைத் தேர்ந்துகொண்ட பிறகு அதற்கு அப்பால் தெரியும் ஓர் இலைக்கொத்தையோ வெளிச்சத் துண்டையோ குறிவைத்து எறியுங்கள். தவிர்க்க வேண்டிய மரத்தையே பார்த்துக்கொண்டு எறிந்தால் தட்டு அந்த மரத்துக்குத்தான் போகும், இதில் எனக்கு நிறைய அனுபவம் உண்டு.

ஓடிவந்து எறிய வேண்டாம். நின்ற நிலையிலோ ஓரடி எடுத்துவைத்தோ, உங்கள் முழுப் பலத்தில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் செலுத்தி, பட்டரையோ மிட்ரேஞ்சையோ மார்பளவு உயரத்தில் மட்டமாக அனுப்புங்கள். மேலே கிளைகள் கூரைபோல் கவிந்திருப்பதால் உயரம் இங்கே உதவாது. வலக்கைக்காரர் புறங்கையால் எறியும் பேக்ஹேண்ட் எறியில் தட்டு முடிவில் இடப்புறம் சாயும், அவரே உள்ளங்கை முன்நோக்க எறியும் ஃபோர்ஹேண்டில் வலப்புறம் சாயும். பாதை எந்தப் பக்கம் வளைகிறதோ அதற்கேற்ற எறியைத் தேர்ந்துகொள்வது, ஒரே எறியை வளைத்து வளைத்துப் பார்ப்பதைவிட எளிது. பலம் கூடினால் பிடியும் இறுகுகிறது, இறுகிய பிடி தாமதமாக விடுகிறது, பேக்ஹேண்டில் தாமதமாக விட்ட தட்டு வலப்புற மரத்தில் மோதுகிறது. தொடர்ந்து வலப்புறமே மோதிக்கொண்டிருந்தால் எறியும் முறையை மாற்றாதீர்கள், விரல்களைத் தளர்த்துங்கள்.

எவ்வளவு கவனமாக ஆடினாலும் பாதையை விட்டு விலகிப் புதருக்குள் நிற்கும் நேரம் வரத்தான் செய்யும். அங்கிருந்து இலைகளுக்கிடையே ஒரு முழ அகலச் சந்து தெரியும்; அதன் வழியே கூடைக்கு நேராக எறிந்துவிடலாம் என்ற ஆசையும் வரும். பத்தில் ஒருமுறை அது பலிக்கும். மற்ற ஒன்பது முறையும் தட்டு இன்னும் மோசமான இடத்தில் கிடக்கும். பக்கவாட்டில் பாதைக்கு மெல்லத் தள்ளிவிட்டு அடுத்த எறியை ஒழுங்காக எறிந்தால் இழப்பு ஓர் எறியோடு முடிந்துவிடும். எறிவதற்கு வசதியாகக் கிளையை ஒடிப்பதோ வளைத்துப் பிடிப்பதோ விதிக்குப் புறம்பானது. மரத்தையும் செடியையும் மிகக் குறைவாக அசைக்கும் நிலையில்தான் நிற்க வேண்டும். தட்டு விழுந்த இடத்தைக் காட்டும் குறிதட்டுக்குப் பின்னால் 20 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட இடத்தில் ஒரு கால் ஊன்றியிருந்தால் போதும் என்பதால், மற்றொரு காலை அகல நீட்டி மரத்தைத் தாண்டிச் சாய்ந்தோ, மண்டியிட்டோ எறியலாம். கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் மட்டும், எறிந்த பிறகு சமநிலையோடு நின்று காட்டிவிட்டுத்தான் முன்னே நகர வேண்டும்.

தனியே ஆடும்போது தட்டு தொலைவதே பெரிய தொல்லை. விதிப்படி தேடுவதற்கு மூன்று நிமிடம். கிடைக்காவிட்டால் ஓர் எறி தண்டமாகச் சேர்த்து, முன்பு எறிந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். ஆகவே தட்டு கையை விட்டதும் சலித்துக்கொண்டு முகத்தைத் திருப்பாமல், அது மறையும்வரை பார்த்திருந்து, மறைந்த இடத்தருகே ஒரு மரத்தை அடையாளம் வைத்து, கண்ணை எடுக்காமல் அதை நோக்கி நடந்து செல்லுங்கள். காதையும் பயன்படுத்துங்கள். ‘டொக்’கென்ற திடமான ஓசை கேட்டால் தட்டு மரத்தில் முழுதாக மோதி அதன் அருகிலேயே விழுந்திருக்கும், மெல்லிய உரசலும் பிறகு சருகோசையும் கேட்டால் பக்கவாட்டில் வெகுதூரம் போயிருக்கும். இலையுதிர்காலத்தில் தட்டு சருகுகளின் அடியில் வழுக்கிப் புகுந்துவிடும், எனவே தட்டைத் தேடாமல் கலைந்த சருகைத் தேடுங்கள். கல் நிறைந்த சரிவில் விளிம்பு பட்டு உருளத் தொடங்கினால் எப்போதும் கீழ்ப்புறமாகத் தேடுங்கள்.

பாறை இடுக்கிலோ சருகுக் குவியலிலோ வெறுங்கையை நுழைக்காதீர்கள், ஒரு குச்சியால் விலக்கிப் பாருங்கள். காப்பர்ஹெட் என்னும் நச்சுப் பாம்பு பென்சில்வேனியாக் காடுகளில் வாழ்கிறது. அதன் செம்பு நிறமும் உலர்ந்த இலையின் நிறமும் வேறு வேறாகத் தெரிவதில்லை. அதைவிட அடிக்கடி எதிர்ப்படுவது மூன்று மூன்று இலைகளாக வளரும் பாய்சன் ஐவி கொடி. நம் ஊர்ச் சேராங்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. சாறு பட்ட தோல் கொப்பளிக்கும். கொடிக்குள் விழுந்த தட்டிலும் அந்தச் சாற்றின் எண்ணெய் ஒட்டியிருக்கும் என்பதைப் பலர் மறந்துவிட்டு, அதே கையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

நடைபயணிகளும் இக்காட்டைப் பயன்படுத்துகிறார்கள், ஹார்ஸ்ஷூ நெடும்பாதை பூங்காவுக்குள்ளேதான் செல்கிறது. யாராவது எறியும் தொலைவுக்குள் இருந்தால் அவர்கள் கடந்து போகும்வரை காத்திருங்கள். வேட்டைப் பருவத்தில் பூங்காவின் சில பகுதிகளில் வேட்டைக்கு அனுமதி உண்டு என்பதால் அப்போது ஒளிரும் ஆரஞ்சு நிற மேலாடை அணிவது அவசியம். காட்டுக்குள் இருட்டு வெளியைவிட முன்னதாகவே வந்துவிடும். முதன்முறை ஆடுபவர் அடுத்த டீ எங்கே என்று தேடுவதிலேயே நேரத்தைச் செலவிடுவார். ஆகவே சூரியன் மறைய மூன்று மணி நேரமாவது இருக்கும்போது தொடங்குங்கள். ஆடுகள வரைபடத்தை முன்னதாகவே கைபேசியில் தரவிறக்கி வைத்துக்கொண்டு, எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

மான் உண்ணிகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. லைம் என்னும் பாக்டீரியா நோயைப் பரப்பும் இளம் உண்ணி கசகசா அளவே இருக்கும், கடித்தாலும் வலிக்காது. முழுக்காற்சட்டை அணிந்து, அதன் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் குளித்து, முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுண்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்தெடுங்கள். எண்ணெய் ஊற்றுவதோ தீக்குச்சியால் சுடுவதோ கூடாது. நோய்க்கிருமி உடலுக்குள் செல்லப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால் அன்றிரவே பார்த்துவிடுவது முக்கியம். அதற்குள் யாராவது தட்டுகளையும் பையையும் சோப்பு நீரில் கழுவி வைத்துவிட்டால் நல்லது, கையுறை அணிந்துகொண்டு.