கும்பிடும் மனம் செய்யக்கூடாத தவறுகள்

வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்துவிட்டால் மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமும், எழுவான்கரையும் படுவான்கரையும், ஒரே பக்தியில் இருக்கும். கடைசியில் திருக்குளிர்த்தி. மதுரையை எரித்தவளின் சினத்தை ஆற்றுகிற சடங்கு அது. ஆனால், வரப்புத் தகராறில் பேச்சை விட்ட அண்ணனும் தம்பியும் அதே வாசலில் முகம் பாராமல் கும்பிட்டுவிட்டுப் போவதும் நடக்கிறது. அம்மனைக் குளிரச் சொல்லிப் பாடுகிற நாம் நம் கோபத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். குளிர்த்தி முடிந்த கையோடு அண்ணன் வீட்டுப் படியேறுங்கள். அதுவும் வழிபாடுதான்.

நேர்த்தி வைப்பதில் பிழையில்லை. கிழமைக்கடன் எடுத்து நேர்த்தியை நிறைவேற்றுவதுதான் பிழை. தவணைக்காரர் வாசலுக்கு வரும்போது பதில் சொல்வது வீட்டிலுள்ள பெண்தான். கற்பூரம் ஒன்றோடு வந்தவளை எந்தத் தெய்வமும் திருப்பி அனுப்பியதில்லை.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. ஒரு பிள்ளை இரவிரவாகத் தூங்காமல், தனக்குள் பேசி, சோற்றைத் தள்ளிவிட்டு இருந்தால், "பேய் பிடிச்சிட்டு", "செய்வினை" என்று நூல் கட்டுவதிலேயே மாதங்கள் போய்விடுகின்றன. போரும் 2004 சுனாமியும் அடித்துப்போட்ட கரை இது. இங்கே மனம் நோகாமல் இருந்தால்தான் அதிசயம். ஈரலுக்கு நோய் வருவதுபோல மனத்துக்கும் வரும், மருந்தும் உண்டு. நூல் கட்டும் கட்டாடியாரிடம் போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆறுதலும் தேவை. நூல் கட்டிய அன்றே வைத்தியசாலைக்கும் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. சுகம் தெரிந்ததும் "இனிச் சாமி பார்த்துக்கொள்ளும்" என்று மருந்தை நாமாக நிறுத்துவது இன்னும் பெரிய தவறு. நோய் திரும்பி வரும், பழியோ பிள்ளையின் தலையில் விழும்.

தியானத்தில் நினைவு ஓடினால் பதறவேண்டாம். ஓடட்டும், திரும்பக் கூட்டிவாருங்கள்.

பற்றில்லாமல் இருப்பதைப் பொறுப்பில்லாமல் இருப்பதாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் படிப்பைத் தாயின் தலையில் போடும் தகப்பன்மாரைத்தான் சொல்கிறேன். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1924இல் துறவு பூண்டார். அதன் பிறகுதான், 1929இல், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கினார். குடும்பத்தை வேண்டாம் என்றவர் ஊரார் பிள்ளைகளைப் பொறுப்பெடுத்தார். பெற்றவர்கள் நழுவலாமா?

உகந்தையிலிருந்து குமண, யால காடுகளூடாகக் கதிர்காமத்துக்கு நடப்பவர்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். அரோகரா சொன்ன வாயால் குடித்த தண்ணீர்ப் போத்தல் எங்கே போகிறது? காடும் முருகனின் வீடுதானே. யானையும் மானும் மேய்கிற இடத்தில் சொப்பிங் பையை எறிவது, கருவறைக்குள் குப்பை கொட்டுவதுதான். கூட்டத்துக்கு ஒருவர் வெறும் உரப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டால் போதும், மற்றவர்களும் அதற்குள்ளேயே போடுவார்கள்.