ஒரு மாநிலச் சட்டத்தை முழுதாகத் தேடி எடுப்பது எப்படி?

தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் சட்டம், அதன் கீழுள்ள விதிகள், இரண்டையும் வெளியிட்ட அரசிதழ் ஆகிய மூன்றும் கையில் வேண்டும். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துப் பார்ப்போம்.

1. முதலில் எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இது 2017-இன் 42-ஆம் சட்டம். ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்குவதால், வெறும் "42-ஆம் சட்டம்" என்று தேடினால் வேறு எதுவோ வந்து நிற்கும். இந்தியா கோட் (India Code) என்ற அரசின் சட்டத் தொகுப்பு இணையதளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

2. அடுத்து 1-ஆம் பிரிவு. பலரும் தாண்டிப் போவது இதைத்தான். "அரசு அறிவிக்கை வழியே குறிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்" என்று இருந்தால், சட்டம் நிறைவேறினால் மட்டும் அது நடைமுறைக்கு வந்துவிடாது. அந்த அறிவிக்கையைத் தனியாகத் தேட வேண்டும். நம் சட்டம் நிறைவேறியது 2017-இல், உயிர் பெற்றது 22.2.2019-இல். இடைப்பட்ட காலத்தில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் ஓடியது. போதாக்குறைக்கு, நடைமுறைக்கு வருமுன்பே 2018-இல் புதிய சட்டத்தில் திருத்தமும் வந்துவிட்டது.

3. திருத்தச் சட்டங்களைச் சேர்த்துப் படியுங்கள். திருத்தச் சட்டத்தில் முழுப் பிரிவும் இருக்காது. "இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள்" என்று மட்டும் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் பிடிஎஃப் முதல் அச்சாகவே இருக்கலாம். பிரிவின் அடிக்குறிப்பில் திருத்தச் சட்ட எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. விதிகள். படிவம், நடைமுறை எல்லாம் பெரும்பாலும் இங்கேதான். விதி செய்யும் அதிகாரம் வழக்கமாகச் சட்டத்தின் கடைசிப் பிரிவுகளில் இருக்கும். அந்த அதிகாரத்தைத் தாண்டிய விதி நீதிமன்றத்தில் நிற்காது. இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2019-இல் வந்தன.

அரசிதழ் புதன்தோறும் வரும், அவசரமானால் சிறப்பிதழ். சட்டங்கள் பகுதி 4, பிரிவு 2-இல். துறைகள் செய்யும் பொது விதிகள் பகுதி 3, பிரிவு 1(அ)-இல்.

விதிகளையும் அறிவிக்கைகளையும் அரசாணை வழியாகத் தேடும்போது, அதன் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போனால் அலைச்சல்தான். எண் வரிசை துறைக்குத் துறை வேறு. "அரசாணை (நிலை)" என்பது வேறு, "(வாலாயம்)", அதாவது வழக்கமான அலுவல்களுக்கானது, வேறு. துறை, தேதி, வகை மூன்றும் இருந்தால்தான் தேட முடியும்.