ஆய்வேட்டு மாணவர் வந்து உட்கார்ந்தால் முதலில் என்ன கேட்பது

கொழும்பில் பல்கலைக்கழக நூலகத்திலோ துறை அலுவலகத்திலோ ஆய்வு உதவிக்கு இருப்பவரிடம் மாணவர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சேர், இந்தத் தலைப்புக்கு என்ன புத்தகம் இருக்கு?" புத்தகத்துக்கு எழும்புமுன் மூன்று விபரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வேட்டை ஒப்படைக்கும் திகதி எது? ஆட்களிடம் தகவல் சேகரிக்கப் போகிறாரா? தமிழை எந்த எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்? கடைசி வாரத்தில் அழுதுகொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த மூன்றில் ஒன்றில் சறுக்கியவர்கள்தான்.

பேட்டியோ வினாக்கொத்தோ இருந்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதி எழுத்தில் கைக்கு வந்த பிறகே முதல் ஆளைச் சந்திக்கலாம். சேகரித்து முடித்த தரவுக்குப் பின்னால் அனுமதி கேட்டுக் காரியமில்லை. விண்ணப்பத்தோடு தகவல் தாள், சம்மதப் படிவம், வினாக்கொத்து மூன்றும் பதில் சொல்லப்போகிறவர்களின் மொழியில் போக வேண்டும். கொழும்பில் அது அநேகமாகத் தமிழும் சிங்களமும். ஒருவர் மொழிபெயர்த்ததை மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பி மொழிபெயர்த்துப் பார்க்கட்டும். பிறகு ஐந்து பேரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் அனுமதிக்குப் பிறகுதான். "மாத வருமானம் எவ்வளவு?" என்றால் புறக்கோட்டைக் கடைக்காரர் மொத்த விற்பனையைச் சொல்லக்கூடும். "செலவெல்லாம் போக மாதம் கையில் எவ்வளவு நிற்கும்?" என்று மாற்றினால் கேட்டது கிடைக்கும். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வினாக்கொத்தில் கேட்கவே வேண்டாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதை மாணவருக்கு நினைவூட்டுங்கள். பெயரும் தொலைபேசி இலக்கமும் ஒரு கோப்பில், பதில்கள் வேறொரு கோப்பில், இரண்டையும் இணைக்க ஒரு குறியீட்டு எண் மட்டும்.

அடுத்தது எழுத்துரு. சின்ன விஷயம் போலத் தெரியும், நாட்களைத் தின்பது இதுதான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த "அம்மா" திரையில்தான் தமிழ். கோப்புக்குள் அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அதனால் தமிழில் தேடினால் அகப்படாது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பையாகக் கொட்டும். ஒப்புமை பார்க்கும் டர்னிடின் போன்ற மென்பொருளுக்கு அது எந்த மொழியுமில்லை. முழு அத்தியாயம் எங்கிருந்தோ எடுத்ததாக இருந்தாலும் அறிக்கை சுத்தமாக வரலாம். அந்தக் குறைந்த சதவீதத்தை நம்பி மேற்பார்வையாளர் கையெழுத்திட்டுவிடக் கூடாது. சோதிப்பது எளிது: ஒரு வரியைப் பிரதியெடுத்து உலாவியின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். தமிழாகவே நின்றால் அது யுனிகோட், அதாவது எந்தக் கணினியும் தமிழாகவே அறியும் குறியீட்டு முறை.

பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றுவதென்றால் மூலக் கோப்பின் பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும். அதுவும் மேற்கோள் மென்பொருளை இணைப்பதற்கு முன்னால். பிந்தினால் மேற்கோள் இணைப்புகள் வெறும் எழுத்தாகிவிடும். கோப்பை அப்படியே எழுத்துரு மாற்றும் செயலியில் போட்டால் நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் கிறுக்கலாகும். வேர்டின் மேம்பட்ட தேடலில் எழுத்துருவைப் பாமினி என்று குறித்துத் தேடினால் தமிழ்த் துண்டுகள் மட்டும் அகப்படும், அவற்றை மாற்றுங்கள். அடிக்குறிப்பையும் அட்டவணையையும் தனியாகப் பாருங்கள், எல்லாரும் விடுவது அங்கேதான். பிறகு ஔகாரம். பாமினியில் அது ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகவே அடிக்கப்படும். ஆகவே மாற்றிய பின் "கௌரவம்", "மௌனம்", "பௌத்தம்" மூன்றும் பார்வைக்குச் சரி, உள்ளே "கெளரவம்", "மெளனம்", "பெளத்தம்" என்று நிற்கலாம். சொல் சொல்லாகத் தேடித் திருத்துங்கள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றினால் வெள்ளவத்தையும் ஔகாரம் ஏறி உடையும்.

இனித்தான் மூலங்கள். புள்ளிவிபரம் கேட்டு வருபவருக்குத் தொகைமதிப்பு அட்டவணையைக் கொடுக்குமுன் மாவட்ட எல்லையைக் கேளுங்கள். 1971 தொகைமதிப்பில் கொழும்பு மாவட்டத்துக்கு ஏறத்தாழ 26.7 இலட்சம் பேர், 1981 இல் ஏறத்தாழ 17 இலட்சம். ஆட்கள் எங்கும் ஓடிவிடவில்லை. 1978 இல் கம்பஹா தனி மாவட்டமாகப் பிரிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி பிரிந்த கதையும் இதேதான். 2001 தொகைமதிப்பு 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. எனவே வடக்கு கிழக்கைப் பற்றிய வரைபடத்தில் 1981 க்கும் 2012 க்கும் இடையே கோடு இழுத்து நிரப்பியிருந்தால் அது எங்கிருந்து வந்ததென்று கேளுங்கள்.

பழைய அச்சு நூலுக்கும் சஞ்சிகைக்கும் தேசிய நூதனசாலை நூலகம். 1885 அச்சிடுவோர் சட்டத்தின் பின் அங்கே பிரதிகள் சேர்ந்திருக்கின்றன. நிருவாக ஆவணங்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குக் கிட்டவுள்ள தேசிய சுவடிகள் கூடம். இரண்டுக்கும் துறைத் தலைவரின் கடிதத்தோடு அனுப்புங்கள். கடிதத்தில் தலைப்பு மட்டும் போதாது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த வகை ஆவணம் என்றும் இருக்க வேண்டும். பென்சில் கொண்டுபோகட்டும். ஈழத்துத் தமிழ் வெளியீடுகளுக்கு "நூலகம்" (noolaham.org) என்ற இணையத்தளத்தை முதலில் பார்க்கலாம், ஆனால் பல பக்கங்கள் வெறும் படங்கள். உள்ளே சொல் தேட முடியாது, பொருளடக்கத்தைப் படித்துத்தான் ஆக வேண்டும். அரச அலுவலகக் கோப்பு வேண்டுமென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் முடிவு சொல்ல 14 வேலை நாட்கள். கால அட்டவணையில் அதைவிட இரண்டு மடங்கு ஒதுக்குங்கள்.

மேற்கோளுக்கு ஸொட்டெரோ என்ற மென்பொருள் இலவசம், யுனிகோட் தமிழை ஏற்கும். பெயரில்தான் தடுமாற்றம். க. கைலாசபதி என்பதில் "க." தகப்பன் பெயரின் முதலெழுத்து, குடும்பப் பெயர்ப் பெட்டியில் கைலாசபதி, மற்றதில் க. என்று இடவேண்டும். மாறிப்போனால் உசாத்துணைப் பட்டியலில் அவர் "க." என்ற பெயரில் ஏறுவார். நூலகப் பட்டியலில் தேடும்போது பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போட்டுப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது யுனிகோட்டுக்கு மாற்றிய ஓர் அத்தியாயம், நெறிமுறை விண்ணப்பத்தின் பிரதி, ஐந்து மூலங்கள் ஏற்றிய ஸொட்டெரோ ஆகியவற்றோடு வரச் சொல்லுங்கள். தலைப்பைப் பற்றிய பேச்சு அன்றைக்கு.