இணைப்பை மாற்றியதும் தளங்கள் திறக்கவில்லையா? கணினியில் தங்கிவிட்ட பழைய டிஎன்எஸ்ஸைக் கண்டுபிடிப்பது எப்படி

புதிய இணைப்பு வந்தாயிற்று. ரவுட்டரில் விளக்குகள் சரியாக எரிகின்றன. கணினித் திரையின் மூலையிலும் இணைப்பு இருப்பதாகவே காட்டுகிறது. ஆனால் பிரவுசரில் எந்தத் தளத்தைத் தட்டினாலும் திறப்பதில்லை. 'சர்வரின் ஐபி முகவரியைக் கண்டறிய முடியவில்லை' என்ற மாதிரி ஒரு வரி வந்து நிற்கிறது. அதே வைஃபையில் இருக்கும் கைப்பேசியிலோ எல்லாம் ஓடுகிறது.

எனக்கு இது நடந்தபோது அரை நாள் போனது. புதிய நிறுவனத்தின் உதவி மையத்திடம் மூன்று முறை பேசினேன். லைன் நன்றாக இருக்கிறது என்று மூன்று முறையும் சொன்னார்கள். அது உண்மைதான். பழைய இணைப்பைக் கொடுக்க வந்தவர் என் மேசைக் கணினியில் ஒரு டிஎன்எஸ் முகவரியைக் கையால் பதிந்துவிட்டுப் போயிருந்தார். இணைப்பு போன பிறகும் அந்த முகவரி கணினியிலேயே இருந்தது. உங்களுக்கு அந்த அரை நாள் போக வேண்டாம். வரிசையாகப் பார்த்தால் கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

முதலில், ஏன் இப்படி ஆகிறது

நாம் தளத்தின் பெயரைத் தட்டுகிறோம். கணினிக்கு வேண்டியது எண்ணாலான ஐபி முகவரி. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ் சர்வரின் வேலை. அந்தச் சர்வர் பதில் சொல்லாவிட்டால், லைன் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பெயரை வைத்து எதையும் திறக்க முடியாது.

எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ரவுட்டர்தான் கணினிக்குச் சொல்கிறது. இணைந்த உடனே டிஹெச்சிபி என்ற முறையில் கணினியின் ஐபி, வெளியே போகும் வழி, டிஎன்எஸ் மூன்றும் சேர்ந்து வந்துவிடும். இணைப்பை மாற்றினால் இவையும் மாறும். ஆனால் டிஎன்எஸ்ஸை யாராவது கையால் பதிந்திருந்தால், ரவுட்டர் சொல்வதைக் கணினி எடுத்துக்கொள்ளாது. பதிந்ததையே பிடித்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பழைய முகவரி புதிய இணைப்பில் ஏன் வேலை செய்வதில்லை? இணைய நிறுவனங்களின் டிஎன்எஸ் சர்வர்கள் பெரும்பாலும் தங்கள் சந்தாதாரர்களுக்கு மட்டுமே பதில் தரும். யார் கேட்டாலும் பதில் தரும் சர்வரைப் பிறர்மேல் தாக்குதல் நடத்தப் பயன்படுத்த முடியும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. நீங்கள் வேறு நிறுவனத்தின் லைனிலிருந்து கேட்டால் மறுத்துவிடும், அல்லது பதிலே வராது.

அடி 1: லைன் கோளாறா, டிஎன்எஸ் கோளாறா?

இதைப் பிரிக்காமல் எதையும் மாற்றாதீர்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டையும், மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினலையும் திறந்துகொள்ளுங்கள். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில் பிங் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 8.8.8.8 என்று கொடுங்கள். இது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். எண்ணையே கொடுப்பதால் இதில் பெயர் தேடும் வேலை இல்லை. அப்புறம் எண்ணுக்குப் பதிலாக விக்கிபீடியா மாதிரி நன்கு தெரிந்த ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து அதையே செய்யுங்கள். விண்டோஸ் நான்கு முறை கேட்டுவிட்டு நின்றுவிடும். மற்றவற்றில் கன்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தி நிறுத்த வேண்டும்.

எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு 'ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வருகிறது என்றால் டிஎன்எஸ்தான். அடுத்த அடிக்குப் போங்கள். இரண்டுக்கும் பதில் வருகிறது, பிரவுசரில் மட்டும் திறக்கவில்லை என்றால் நேரே அடி 5-க்குப் போகலாம். இரண்டுக்குமே பதில் இல்லை என்றால் லைனையோ ரவுட்டரையோ பார்க்க வேண்டும். சில அலுவலக நெட்வொர்க்குகளில் பிங்கையே தடுத்து வைத்திருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடி 2: கணினி இப்போது யாரைக் கேட்கிறது?

என்னைக் கேட்டால் எல்லா அடிகளிலும் முக்கியமானது இதுதான். பலரும் இதைத் தாண்டிப்போய், கண்ணில் பட்ட டிஎன்எஸ் எண்ணைப் போட்டுப் பார்க்கிறார்கள். சில நேரம் அது வேலையும் செய்துவிடும். ஆனால் எது கெட்டிருந்தது என்று தெரியாமலே போய்விடும். அடுத்த முறை இணைப்பை மாற்றும்போது அதே சிக்கல் திரும்ப வரும்.

விண்டோஸில் ஐபிகான்ஃபிக் என்று அடித்து, ஓர் இடைவெளி, பிறகு முன்சாய்கோடு, அதோடு ஒட்டி ஆல் என்று கொடுங்கள். நீளமான பட்டியல் வரும். அதில் நீங்கள் இப்போது பயன்படுத்தும் ஈதர்நெட் அல்லது வைஃபை பகுதிக்குப் போய், டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வழி; வீட்டில் பொதுவாக ரவுட்டரின் எண்), டிஎன்எஸ் சர்வர்ஸ் என்ற இரண்டு வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேக்கில் டிஎன்எஸ் எண்களை அடி 3-இல் சொல்லும் பக்கத்தில் பார்க்கலாம். லினக்ஸின் புதிய பதிப்புகள் பலவற்றில் ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்ற கட்டளை டிஎன்எஸ் சர்வரைக் காட்டும். லினக்ஸில் வேறு எங்காவது 127.0.0.53 என்ற எண்ணைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். கணினிக்குள்ளேயே இருக்கும் இடைத்தரகர் அது. உண்மையான சர்வர் இந்தக் கட்டளை காட்டும் பட்டியலில் இருக்கும்.

இனி எண்களைப் படிப்போம்.

கணினியின் சொந்த முகவரியே 169.254 என்று தொடங்குகிறதா? அப்படியானால் ரவுட்டரிடமிருந்து எதுவுமே வந்து சேரவில்லை. இது டிஎன்எஸ் சிக்கல் இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்.

டிஎன்எஸ்ஸும் கேட்வேயும் ஒரே எண்ணா? பொதுவாக அது சரி; ரவுட்டரே இடையில் நின்று கேட்டுத் தருகிறது.

டிஎன்எஸ் 192.168.1.1, ஆனால் கேட்வே 192.168.0.1 என்று இருக்கிறதா? இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். பழைய ரவுட்டரின் எண் கணினியில் தங்கிவிட்டது. புதிய வீட்டுக்குக் குடிபோன பிறகும் பழைய வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற கதை இது. ஹாட்ஸ்பாட்டுக்கு மாறும்போதும் இப்படியே ஆகும். ஐபோன் ஹாட்ஸ்பாட்டில் கேட்வே 172.20.10.1 என்று இருக்கும், அங்கே 192.168.1.1-ஐக் கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, குவாட்9-இன் 9.9.9.9 ஆகியவை பொது டிஎன்எஸ். எந்த லைனிலிருந்தும் கேட்கலாம். இவை தவிர வேறு ஏதாவது வெளி எண் இருந்தால், அது பழைய நிறுவனத்தின் சர்வராக இருக்கலாம்.

உறுதிப்படுத்த இன்னொரு கட்டளை உண்டு: என்எஸ்லுக்கப். இதை ஒரே சொல்லாகத் தட்டி, இடைவெளி விட்டுத் தளத்தின் பெயரைக் கொடுங்கள். பிறகு அதே வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 சேர்த்து மறுபடி கொடுங்கள். முதல் முறை தோற்று, இரண்டாவது முறை பதில் வந்தால், கணினியில் பதிந்திருக்கும் சர்வர்தான் பேசவில்லை என்பது உறுதி.

அடி 3: தானியங்கிக்கு மாற்றுங்கள்

பழைய எண்ணை எழுதி வைத்துக்கொண்டீர்கள் அல்லவா? சரி, இப்போது மாற்றலாம்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பிறகு ஈதர்நெட் அல்லது வைஃபை என்று உள்ளே போங்கள். வைஃபை என்றால் இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பிராப்பர்ட்டீஸையும் திறக்க வேண்டும். அங்கே டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட் என்ற வரிக்கு எதிரே எடிட் இருக்கும். அதை அழுத்தி மேனுவல் என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்கிச் சேமியுங்கள். விண்டோஸ் 10-இல் கன்ட்ரோல் பேனலின் நெட்வொர்க் பகுதியில் அடாப்டர் அமைப்புகளைத் திறந்து, உங்கள் இணைப்பின்மேல் வலது சொடுக்கில் பிராப்பர்ட்டீஸ் போய், இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4-ஐத் திறந்து, டிஎன்எஸ்ஸைத் தானாகப் பெறும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது: வெர்ஷன் 6. அங்கும் பழைய நிறுவனத்தின் நீளமான முகவரி பதிந்திருக்கலாம். அதையும் தானியங்கிக்கு மாற்றுங்கள். அப்புறம், ஈதர்நெட்டில் மாற்றினால் வைஃபையில் மாறாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், நெட்வொர்க், உங்கள் இணைப்பு, டீடெய்ல்ஸ், டிஎன்எஸ். பட்டியலில் மங்கலாகத் தெரிவது ரவுட்டர் கொடுத்தது. அழுத்தமாகத் தெரிவது கையால் பதிந்தது. அழுத்தமானதைத் தேர்ந்து கழித்தல் குறியால் நீக்குங்கள். உபுண்டுவில் செட்டிங்ஸ், நெட்வொர்க், பல்சக்கரக் குறி, ஐபிவி4 என்று போய் டிஎன்எஸ்ஸுக்கு எதிரே ஆட்டோமேட்டிக்கை இயக்கி, இணைப்பை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

அடி 4: நினைவில் இருப்பதை அழியுங்கள்

தேடிய பதில்களைக் கணினி கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். 'இப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பதிலையும்தான். விண்டோஸில் ஐபிகான்ஃபிக், இடைவெளி, முன்சாய்கோடு, ஒட்டி ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று கொடுத்தால் அழிந்துவிடும். கட்டளை வேண்டாம் என்றால் கணினியை ரீஸ்டார்ட் செய்தாலே போதும். பிறகு அடி 1-இல் செய்த இரண்டு பிங்கையும் மறுபடி போட்டுப் பாருங்கள்.

அடி 5: இன்னும் சரியாகவில்லை என்றால்

பிரவுசரைப் பாருங்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் கணினியின் டிஎன்எஸ்ஸை ஒதுக்கிவிட்டுத் தாமே வேறு சர்வரைக் கேட்கும் வசதி உண்டு. குரோமில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் செக்யூர் டிஎன்எஸ் என்றும், ஃபயர்ஃபாக்ஸில் டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ் என்றும் இருக்கும். பாதுகாப்புக்கு நல்ல வசதிதான், ஆனால் கோளாறு தேடும்போது குழப்பிவிடும். பிரவுசரில் தளங்கள் திறந்து, மின்னஞ்சல் மென்பொருளும் அப்டேட்டும் மட்டும் ஓடாவிட்டால், கணினியின் டிஎன்எஸ் இன்னும் தவறாகவே இருக்கலாம். தலைகீழாக, பிரவுசரில் மட்டும் திறக்காவிட்டால் இந்த வசதியைத் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள்.

விடுதி, விமான நிலைய வைஃபை போல முதலில் ஓர் அனுமதிப் பக்கம் வரவேண்டிய இடங்களில், அந்தப் பக்கத்தை வரவழைப்பதே பல நேரம் அவர்களுடைய டிஎன்எஸ்தான். கையால் பதிந்த எண் இருந்தால் அந்தப் பக்கம் வராமலே போகலாம். அங்கே தானியங்கியை விடுங்கள்.

விபிஎன் மென்பொருள் இருந்தால் அதை முறையாகத் துண்டியுங்கள். பாதியில் நின்றுபோன விபிஎன் தன் டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டுப் போவதுண்டு. கேபிளும் வைஃபையும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால், சோதிக்கும் வரை ஒன்றை அணைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பால் மொகபெட்ரிஸ் 1983-இல் டிஎன்எஸ்ஸை வடிவமைப்பதற்கு முன், நெட்வொர்க்கில் இருந்த கணினிகளின் பெயர்களையெல்லாம் ஒரே கோப்பில் எழுதிவைத்து, அதை எல்லோரும் இறக்கிக்கொண்டார்கள். அந்தக் கோப்பின் வழிவந்தது இன்றும் உங்கள் கணினியில் இருக்கிறது. பொதுவாக டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் கணினி அதைத்தான் பார்க்கும்.

அடிக்கடி இணைப்பு மாற்றுபவர்களுக்கு

பொது டிஎன்எஸ்தான் வேண்டும் என்றால், கணினியில் பதியாமல் ரவுட்டரின் அமைப்பில் பதியுங்கள். கணினி தானியங்கியிலேயே இருக்கட்டும். அந்த ரவுட்டரோடு இணையும்போது பொது டிஎன்எஸ் வரும், ஹாட்ஸ்பாட்டுக்குப் போனால் ஹாட்ஸ்பாட் கொடுப்பது வரும். ரவுட்டரைத் தொட அனுமதி இல்லையென்றால் கணினியிலேயே 1.1.1.1, 8.8.8.8 என்று வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு எண்களைப் பதியலாம். ஆனால் ஒன்றை நிறுவனத்தின் எண்ணாகவும் மற்றதைப் பொது எண்ணாகவும் கலக்காதீர்கள். இணைப்பு மாறியதும் முதல் எண் பதில் தராமல், ஒவ்வொரு பக்கமும் சில நொடிகள் தயங்கித் தயங்கித் திறக்கும். அப்போது லைன் வேகம் குறைந்துவிட்டது என்றே நினைப்பீர்கள். மேக்கில் லொகேஷன் என்ற வசதி இருக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் தனி அமைப்பைப் பெயரிட்டு வைத்துக்கொண்டு, போகும் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.