நேட்டிவ் மாட்யூல் பில்ட் எரர்: கம்பைலரைத் தேடி ஓடும் முன்

நோட்.ஜேஎஸ் பேக்கேஜ்களில் சி++ கோடைக் கம்பைல் செய்து ஓடுபவை நேட்டிவ் மாட்யூல்கள். நோட்டின் பேக்கேஜ் மேனேஜரான என்பிஎம்மில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ அடித்ததும் திரை முழுக்க ‘ஜிப் எரர்’ என்று ஓடி நின்றால், பெரும்பாலோர் கடைசி வரியை மட்டும் காப்பி செய்து கூகுளில் போடுகிறார்கள். அந்த வரியில் ஒன்றும் கிடைக்காது. ‘நாட் ஓகே’ என்று முடிந்தால் வேலை நடக்கவில்லை என்று மட்டும்தான் பொருள். எந்த வேலை, ஏன் நடக்கவில்லை என்பதெல்லாம் வெகு மேலே இருக்கும்.

மேலே போய்த் தேடுங்கள். ‘ஃபைண்ட் பைத்தான்’ என்ற வரிகள் இருந்தால் பைத்தான் சிக்கவில்லை. ‘ஃபைண்ட் விஎஸ்’ என்றால் விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸ் இல்லை. ‘ஃபேட்டல் எரர்’ என்று சொல்லி ஏதோ ஒரு ஹெடர் ஃபைலைக் காணவில்லை என்றால், சிஸ்டத்தில் ஒரு லைப்ரரி குறைகிறது. கம்பைலர் ஓட ஆரம்பித்து சி++ கோடிலேயே தடுக்கி விழுந்தால், அந்தப் பேக்கேஜ் உங்கள் நோட் வெர்ஷனுக்குப் பழசு. நான்குக்கும் மருந்து வேறு வேறு. லாக் (திரையில் ஓடும் பதிவு) முழுதாகத் தெரியாவிட்டால் ‘--ஃபோர்கிரவுண்ட்-ஸ்கிரிப்ட்ஸ்’ சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, கம்பைல் செய்யவேண்டிய அவசியமே ஏன் வந்தது என்று கேட்காமல் விடுவது. பெட்டர்-எஸ்க்யூலைட்3 (டேட்டாபேஸ்), பிகிரிப்ட் (பாஸ்வேர்ட் ஹாஷ்) போன்ற பேக்கேஜ்கள் ஏற்கெனவே கம்பைல் செய்த பைனரியோடுதான் வருகின்றன. உங்கள் சிஸ்டத்துக்குப் பொருந்துவது கிடைக்காதபோதுதான் வேலை, சோர்ஸைக் கம்பைல் செய்யும் நோட்-ஜிப் என்ற டூலின் கைக்குப் போகிறது. லாக்கில் சற்று மேலே ‘நோ ப்ரீபில்ட் பைனரீஸ் ஃபவுண்ட்’ என்று ஒரு வார்னிங் இருக்கும். அதுதான் உண்மையான துப்பு. நேற்று வந்த நோட் வெர்ஷனைப் போட்டிருப்பீர்கள், அதற்கு இன்னும் பைனரி வந்திருக்காது. அல்லது பேக்கேஜ்-லாக் ஃபைலில் (வெர்ஷன்களைக் குறித்து வைக்கும் ஃபைல்) பேக்கேஜின் பழைய வெர்ஷன் பூட்டப்பட்டிருக்கும். ஆபீஸ் ப்ராக்ஸி கிட்ஹப் டவுன்லோடைத் தடுத்தாலும் இதே கதைதான். நோட்டின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள) வெர்ஷனுக்கு மாறினாலோ பேக்கேஜை அப்டேட் செய்தாலோ தீரும் விஷயத்துக்கு, ஜிபி கணக்கில் பில்ட் டூல்ஸை இறக்குவது வீண் வேலை.

டாக்கரில் ஆல்பைன் இமேஜ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸில் இருக்கும் அடிப்படை சி லைப்ரரி, வழக்கமான கிளிப்சி இல்லை, மசல். சில பேக்கேஜ்களுக்கு மசல் பைனரி கிடையாது. சின்ன இமேஜ் என்று ஆல்பைனை எடுத்துவிட்டு, பிறகு அதற்குள் பைத்தான்3, மேக், ஜி++ மூன்றையும் ஏற்றினால் மிச்சம் பிடித்த இடமெல்லாம் போய்விடும். நோட்டின் ‘ஸ்லிம்’ இமேஜ் பல சமயம் இதைவிட நல்ல தேர்வு.

பைத்தான் 3.12 தரும் தலைவலி

‘நோ மாட்யூல் நேம்டு டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்று வந்தால் காரணம் தெளிவு. 2023-இல் வந்த பைத்தான் 3.12-லிருந்து, அதுவரை பைத்தானோடு சேர்ந்தே வந்த டிஸ்ட்யூட்டில்ஸ் மாட்யூல் நீக்கப்பட்டுவிட்டது. நோட்-ஜிப் 10-க்கு முந்தைய வெர்ஷன்கள் அதை நம்பியே இருந்தன. உடனே எல்லோரும் நோட்-ஜிப்பை குளோபலாக இன்ஸ்டால் செய்கிறார்கள், எரர் அப்படியே நிற்கிறது. ஏனென்றால் என்பிஎம் எடுப்பது தன்னோடு சேர்ந்து வந்த நோட்-ஜிப்பை, நீங்கள் குளோபலாகப் போட்டதை அல்ல. என்பிஎம்மையே அப்டேட் செய்யுங்கள். நோட்-சாஸ் போல ஒரு பேக்கேஜ் தன் டிபென்டன்ஸியாகப் பழைய நோட்-ஜிப்பை இழுத்து வந்தால் அதுவும் உதவாது. அங்கே பைத்தானுக்கு செட்அப்டூல்ஸ் போட்டால் டிஸ்ட்யூட்டில்ஸ் திரும்பக் கிடைக்கும். உபுண்டு 24.04-இல் பைத்தானின் பிப் மூலம் போடப் போனால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’ என்று மறுக்கும். உபுண்டுவின் ஆப்ட்டில் ‘பைத்தான்3-செட்அப்டூல்ஸ்’ எடுங்கள்.

வேறு பைத்தானைக் காட்ட ‘என்பிஎம் கான்ஃபிக் செட் பைத்தான்’ என்று பழைய பதிவுகள் சொல்லும். என்பிஎம் 9 முதல் அது செல்லாது. ‘என்பிஎம்_கான்ஃபிக்_பைத்தான்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் பாத்தைக் கொடுக்க வேண்டும்.

டூல்ஸ் வேண்டியதுதான் என்று முடிவானால், உபுண்டுவில் ‘பில்ட்-எசென்ஷியல்’, ‘பைத்தான்3’ போதும். மேக்கில் ‘எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்’. முழு எக்ஸ்கோட் தேவையில்லை, ஆனால் மேக்ஓஎஸ் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு இதைத் திரும்பப் போட வேண்டி வரலாம். விண்டோஸில் பில்ட் டூல்ஸ் இன்ஸ்டாலரில் ‘டெஸ்க்டாப் டெவலப்மென்ட் வித் சி++’ டிக் செய்திருக்க வேண்டும். டிக் செய்யாமல் விட்டால் பேருக்குத்தான் விஷுவல் ஸ்டுடியோ இருக்கும், கம்பைலர் இருக்காது. விஎஸ் கோட் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது எடிட்டர், கணக்கில் வராது. ‘விண்டோஸ்-பில்ட்-டூல்ஸ்’ என்ற என்பிஎம் பேக்கேஜும் கைவிடப்பட்டது, அதைத் தொடாதீர்கள். படம் வரையும் கேன்வாஸ் பேக்கேஜை சோர்ஸிலிருந்து கட்டுபவர்களுக்குக் கம்பைலர் மட்டும் போதாது. கெய்ரோ, பாங்கோ, ஜேபெக், ஜிஃப், ஆர்எஸ்விஜி லைப்ரரிகளின் ‘-டெவ்’ பேக்கேஜ்களும் வேண்டும்.

இன்ஸ்டால் ஆன பிறகு வரும் எரர்கள் தனி ரகம். ‘நோட் மாட்யூல் வெர்ஷன் 108, ஆனால் தேவை 115’ என்றால், நோட் 18-இல் கட்டியதை நோட் 20-இல் ஓட்டுகிறீர்கள். 127 என்றால் நோட் 22. ‘என்பிஎம் ரீபில்ட்’ ஒன்றே போதும். எலக்ட்ரானில் கட்டிய டெஸ்க்டாப் ஆப் என்றால் மட்டும் அது பலிக்காது. எலக்ட்ரானின் எண் தனி, அதற்கு எலக்ட்ரான்-ரீபில்ட் வேண்டும். ‘இன்வேலிட் எல்ஃப் ஹெடர்’ என்றால் மேக்கிலோ விண்டோஸிலோ உருவான ‘நோட்_மாட்யூல்ஸ்’ ஃபோல்டர் லினக்ஸ் கன்டெய்னருக்குள் காப்பி ஆகியிருக்கிறது. டாக்கர்இக்னோர் ஃபைலில் அதன் பெயரைச் சேருங்கள்.

இன்ஸ்டால் சத்தமில்லாமல் முடிந்து, ஓட்டும்போது ‘பைண்டிங்ஸ் ஃபைல்’ (கம்பைல் ஆன பைனரி) இல்லை என்றால் பேக்கேஜின் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் ஓடவேயில்லை என்று அர்த்தம். யாராவது ‘--இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்’ வைத்திருப்பார்கள். என்பிஎம்முக்குப் பதிலாகப் பயன்படும் பிஎன்பிஎம் 10 என்றால் டிபென்டன்ஸிகளின் ஸ்கிரிப்ட்டை அது தானாகவே தடுக்கிறது. ‘பிஎன்பிஎம் அப்ரூவ்-பில்ட்ஸ்’ ஓட்டி, தேவையான பேக்கேஜுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

எதற்கெடுத்தாலும் பேக்கேஜ்-லாக் ஃபைலை அழிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பில்ட் எரரோடு சேர்த்து எல்லாப் பேக்கேஜின் வெர்ஷனும் நகர்ந்துவிடும், பிறகு எது எதனால் உடைந்தது என்று தெரியாது. ‘நோட்_மாட்யூல்ஸ்’ மட்டும் நீக்கி ‘என்பிஎம் சிஐ’ ஓட்டினால் போதும். ஒரு விதிவிலக்கு உண்டு. ரோலப் என்ற பண்ட்லர் (கோடு ஃபைல்களை ஒன்றாக்கும் டூல்) தன் லினக்ஸ் பைனரியைக் காணவில்லை என்று சொன்னால், ஆப்ஷனல் டிபென்டன்ஸி பற்றிய என்பிஎம் பிழையால் பேக்கேஜ்-லாக் ஃபைலிலேயே அந்தப் பதிவு விடுபட்டிருக்கலாம். அப்போது அந்த ஃபைல், ‘நோட்_மாட்யூல்ஸ்’ இரண்டையும் அழிக்கத்தான் வேண்டும். சூடோ போட்டு இன்ஸ்டால் செய்வதோ எப்போதும் வேண்டாம். ஃபைல்கள் ரூட் பெயரில் போய், அடுத்த இன்ஸ்டாலும் பர்மிஷனில் நிற்கும்.

சில சண்டைகளைப் போடவே கூடாது. நோட்-சாஸ் கைவிடப்பட்டுவிட்டது, ‘சாஸ்’ பேக்கேஜுக்கு மாறுங்கள். பிகிரிப்ட் ஒரு சர்வரில் கட்டவே மறுத்தால் பிகிரிப்ட்ஜேஎஸ் உண்டு. வேகம் குறைவு, ஆனால் முன்பு சேமித்த ஹாஷ்களை அது அப்படியே சரிபார்க்கும். சின்ன சர்வரில் ‘கில்டு’ என்று சிசி1பிளஸ் (சி++ கம்பைலர்) பாதியில் செத்தால் கோடில் குறை தேடாதீர்கள். ரேம் தீர்ந்து கெர்னல் அதைக் கொன்றிருக்கிறது. 2 ஜிபி ஸ்வாப் (ரேமுக்குத் துணையாக டிஸ்க் இடம்) சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.