4294967297: பகா எண் வேடம் போட்ட எண்

இரண்டின் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவது 4294967297. இது பகா எண்ணா, இதற்கு எத்தனை வகுத்திகள் என்று தேடும்போது சறுக்கும் இடங்கள் பல. இதே வார்ப்பில், அதாவது இரண்டின் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால், இதற்கு முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அதனால் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று கணித மேதை ஃபெர்மா 17-ஆம் நூற்றாண்டில் நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதையான ஆய்லர், இது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று காட்டிவிட்டார். ஐந்து தடவை பலித்தது ஆறாவது தடவையும் பலிக்கும் என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. ஃபெர்மாவே சறுக்கிய இடம் என்பதால் நாம் சறுக்கினால் பெரிய அவமானமில்லை.

அடுத்த தவறு கோடி, லட்சத்தில் எண்ணிப் பழகிய நமக்கே உரியது. 7, 11, 13 மூன்றையும் ஒரே கணக்கில் சோதிக்கலாம். எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாறி மாறிக் கூட்டிக் கழிக்க வேண்டும்: 297 − 967 + 294 − 4 = −380. 380 இந்த மூன்றில் எதனாலும் வகுபடாது, எனவே நம் எண்ணும் வகுபடாது. ஆனால் நம் கை தானாக 4,29,49,67,297 என்றுதான் காற்புள்ளி போடும். அந்தத் துண்டுகளை வைத்துக் கணக்குப் போட்டால் வரும் விடைக்கு அர்த்தமே இல்லை. 7 × 11 × 13 = 1001, அதாவது ஆயிரத்தோடு ஒன்று. அதனால்தான் ஆயிரம் ஆயிரமாகப் பிரிக்கிறோம்.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 59 என்பதால் 3-உம் 9-உம் இல்லை. சரி. ஆனால் இந்த முறையை 27 வரை இழுக்காதீர்கள். 1899-இன் இலக்கங்களைக் கூட்டினால் 27 வரும்; 27-ஆல் வகுத்தாலோ 9 மிஞ்சும்.

எதுவரை வகுத்துப் பார்ப்பது? எண்ணில் பாதி வரை போவது வீண் உழைப்பு, வர்க்கமூலமான 65536 வரை போதும். நூறோடு நிறுத்திவிடுவது அதைவிட மோசம். பகா எண்களை வரிசையாக எடுத்தால் 641 என்பது 116-ஆவது. ஆய்லர் கண்ட விதிப்படி, இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்கிறது!

நிரல் எழுதுபவர்களுக்கு இரண்டு பொறிகள் உண்டு. இரண்டை n−1 அடுக்குக்கு உயர்த்தி n-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தால் n பகா எண் என்று நம்புவது ஒன்று. நம் எண் பகு எண்ணாக இருந்தும் இதில் தேறிவிடும். இரண்டுக்குப் பதில் மூன்றை வைத்தால்தான் குட்டு வெளிப்படும். மற்றது, இந்த எண்ணைக் குறியில்லாத 32 பிட் மாறியில் (4294967295 வரை மட்டுமே கொள்ளும் இடத்தில்) போட்டுவைப்பது. அங்கே அது வெறும் 1 ஆகிவிடும்.

அப்புறம், 641 கிடைத்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள். 641-ஆல் வகுத்தால் வரும் 6700417 எப்படிப்பட்டது என்று தெரியாமல் வகுத்திகளின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது. 2588 வரை சோதித்தால் அது பகா எண் என்பது உறுதியாகும். ஆக, வகுத்திகள் நான்கே: 1, 641, 6700417, 4294967297.